வண்ணாரப்பேட்டையில் கிடைக்கும் ‘அடுக்குப்போலிகள்’ நோட்ஸ்: வாங்கலாம், 31ஆம் பக்கத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்

பழைய வண்ணாரப்பேட்டை டி.எச். ரோட்டில், தியாகராயா கல்லூரி மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து நடந்தே போகிற தூரத்தில் உள்ள ஒரு ஜெராக்ஸ் கடையில் இந்த நோட்ஸ் கிடைக்கிறது. 96 பக்கம், இரண்டு பக்கமும் அச்சு, ஸ்பைரல் பைண்டிங், 120 ரூபாய். டைப் செய்த நோட்ஸ்தான், கையெழுத்துப் பிரதி இல்லை. அட்டையில் ‘அடுக்குப்போலிகள்’ என்ற ஒரே சொல், எழுதியவர் பெயர் கிடையாது. பி.எஸ்சி. கணிதம் படிப்பவர்கள், எண்ணியல் முறைகள் பேப்பர் எழுதப்போகிறவர்கள், எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இந்த மதிப்புரை.

முதலில் அந்தப் பெயரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாதாரண அடுக்கைப் போலவே நடந்துகொள்ளும் பல்லுறுப்புக்கோவைகளுக்குக் கணிதத்தில் ‘பவராய்டு’ என்று பெயர். அந்தச் சொல்லுக்கு ‘அடுக்குப்போலி’ என்று தமிழ் வைத்திருக்கிறார்கள். பேச்சில் ‘போலி’ என்றால் கள்ளச் சரக்கு. இலக்கணத்தில் அப்படி இல்லை. நிலம் ‘நிலன்’ ஆகும், அரசன் ‘அரைசன்’ ஆவான். எழுத்து மாறியும் பொருள் மாறாமல் நிற்பதுதான் போலி. பவராய்டும் இதே வேலையைத்தான் செய்கிறது. வடிவம் எக்ஸ்³ போல இருக்காது, நடத்தை மட்டும் எக்ஸ்³ போலவே இருக்கும். இவ்வளவு பொருத்தமான கலைச்சொல் அமைவது அபூர்வம்.

எக்ஸ்³-க்கு வகைக்கெழு எடுத்தால் 3எக்ஸ்². படி ஒன்று இறங்குகிறது, பழைய படி முன்னால் வந்து நிற்கிறது. வகைக்கெழுவுக்குப் பதிலாக வேறொரு செயலியை (ஆப்பரேட்டரை) வைத்தாலும் இதே விதி நடக்கும்படி ஒரு பல்லுறுப்புக்கோவைத் தொடரை அமைக்க முடியுமா என்பதே கேள்வி. டென்மார்க்கைச் சேர்ந்த கணிதவியலாளர் ஸ்டெஃபன்சன் 1941இல் ஆக்டா மேத்தமாட்டிகா இதழில் இதற்கு முழுமையான விடை தந்து, பவராய்டு என்ற பெயரையும் வைத்தார். காப்புறுதிக் கணக்கில் பழுத்த மனிதர் அவர். அட்டவணையும் வேறுபாடுகளும் அன்றாடம் புழங்கும் துறையிலிருந்து இந்தக் கருத்து வந்தது இயல்புதான். நோட்ஸின் முன்னுரை ஆண்டை 1927 என்கிறது. அது இடைச்செருகல் (தெரிந்த மதிப்புகளுக்கு இடையிலுள்ள மதிப்பைக் கணிப்பது) பற்றி அவர் எழுதிய ஆங்கில நூல் வந்த ஆண்டு. திருத்திக்கொள்ளுங்கள்.

முதல் அத்தியாயம் இறங்கு அடுக்கு. எக்ஸ்⁽³⁾ என்றால் எக்ஸ் × (எக்ஸ்−1) × (எக்ஸ்−2). முன்நோக்கு வேறுபாடு, அதாவது டெல்டா என்பது, எக்ஸ்+1இல் வரும் மதிப்பிலிருந்து எக்ஸில் வரும் மதிப்பைக் கழிப்பது. அது இதன் மேல் செயல்பட்டால் 3எக்ஸ்⁽²⁾ வரும். இதை விளக்க எடுத்த உதாரணம் வடசென்னைக்கே உரியது: கேரம் கிளப். 7 பேர் ஆடுகிறார்கள். முதல், இரண்டாம், மூன்றாம் பரிசு எத்தனை விதமாகப் போகலாம்? 7 × 6 × 5, அதாவது 7⁽³⁾, ஆக 210. அந்த 7 பேரில் 4 பேர் காசிமேடு, 3 பேர் கல்மண்டபம் என்று பிரித்துக்கொண்டு திரும்ப எண்ணச் சொல்கிறது நோட்ஸ். மூன்று பரிசும் கல்மண்டபத்துக்கே போனால் 6 விதம். காசிமேட்டுக்கு ஒன்று என்றால் 3 × 4 × 6 = 72. இரண்டு என்றால் 3 × 12 × 3 = 108. மூன்றும் காசிமேட்டுக்கே என்றால் 24. கூட்டினால் 210. நடுவில் பெருக்கும் எண்கள் 1, 3, 3, 1. ஈருறுப்புத் தேற்றத்தின் அதே கெழுக்கள். (எக்ஸ்+ஒய்)³ விரிவதைப் போலவே (எக்ஸ்+ஒய்)⁽³⁾ விரிகிறது. இதற்குப் பிரெஞ்சுக் கணிதவியலாளர் வாண்டர்மோண்ட் பெயர்தான் வழங்குகிறது. ஆனால் 1303லேயே சீனத்தில் ஜூ ஷிஜியே என்ற கணிதவியலாளர் இதை எழுதிவைத்திருக்கிறார். எல்லா அடுக்குப்போலிகளும் இந்த ஈருறுப்பு விதிக்குக் கட்டுப்படும் என்பதுதான் முழு நோட்ஸின் மையம். அதைச் சூத்திரமாகத் திணிக்காமல் பரிசுப் பட்டியலில் காட்டியது அருமையான ஆசிரியத் திறமை.

31ஆம் பக்கத்துக்கு வருவோம். இறங்கு அடுக்கைக் குறிக்க இந்த நோட்ஸ் படி எண்ணுக்குக் கீழே ஒரு மெல்லிய கோடு போடுகிறது. ஏறு அடுக்கு, அதாவது எக்ஸ் × (எக்ஸ்+1) × (எக்ஸ்+2) போன்றது, என்றால் மேலே கோடு. குறியீடு நல்லதுதான், கணிப்பொறி அறிவியலாளர் டொனால்டு நூத் பரப்பியது. ஆனால் கடையில் விற்கும் பிரதிகளில் பாதி, நகலிலிருந்து எடுத்த நகல். சின்ன எழுத்தில் உள்ள படி எண்ணுக்கு அடியில் இருக்கும் மயிரிழைக் கோட்டை, டோனர் சிக்கனத்துக்காக வெளிச்சம் கூட்டி வைத்த மெஷின் பிடிப்பதே இல்லை. 31ஆம் பக்கத்தில் ‘டெல்டா எக்ஸ்³ = 3எக்ஸ்²’ என்று மொட்டையாக நிற்கிறது. அது தப்பு. டெல்டா சாதாரண எக்ஸ்³ மேல் செயல்பட்டால் 3எக்ஸ்² + 3எக்ஸ் + 1 வரும். கோடு போனதும் போலி போய்விட்டது, பொருளும் மாறிவிட்டது. முதன்முறை படிக்கும் மாணவருக்கு இது அச்சுக் கோளாறு என்று தெரியாது. தனக்குப் புரியவில்லை என்று நினைத்து மூடிவைத்துவிடுவார்.

வாங்குமுன் 31ஐத் திறந்து, இரண்டாவது வரியில் 3க்கு அடியில் கோடு தெரிகிறதா பாருங்கள். தெரியவில்லையென்றால் “ஃபைலிலிருந்து பிரிண்ட் எடுத்துத் தாங்கண்ணா” என்று கேளுங்கள். எடுத்துத் தருகிறார்கள், விலை அதேதான். நகலே எடுக்க வேண்டிய நிலை என்றால் டென்சிட்டியை இரண்டு படி கருமையாக வைக்கச் சொன்னால் கோடு தப்பிக்கிறது. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் பேனாவால் படி எண்ணைச் சுற்றி அடைப்புக்குறி போட்டுவிடுவது நல்லது, எத்தனை முறை நகல் எடுத்தாலும் அது அழியாது. இந்த மதிப்புரையில் அடைப்புக்குறி வடிவத்தையே பயன்படுத்தியிருப்பதும் அதனால்தான்.

தேர்வுக்கு நேரடியாகப் பயன்படுவது இரண்டாம் அத்தியாயம்: சாதாரணக் கோவையை இறங்கு அடுக்கில் எழுதும் முறை. 3எக்ஸ்³ − 5எக்ஸ்² + 4எக்ஸ் + 7 என்ற கோவையை எடுத்துக்கொள்கிறார்கள். தொகுமுறை வகுத்தலில் 0, 1, 2 என்று வரிசையாக வகுக்க வேண்டும். 0ஆல் வகுக்கும்போது மீதி 7. மிஞ்சும் கெழுக்கள் 3, −5, 4. அவற்றை 1ஆல் வகுத்தால் 3, −2, மீதி 2. பிறகு 3, −2 இரண்டையும் 2ஆல் வகுத்தால் 3, மீதி 4. கடைசியில் நிற்பது 3. விடை 3எக்ஸ்⁽³⁾ + 4எக்ஸ்⁽²⁾ + 2எக்ஸ்⁽¹⁾ + 7. எக்ஸுக்கு 3 போட்டுச் சரிபார்த்தால் இரண்டு பக்கமும் 55. இந்தச் சரிபார்ப்பை ஒவ்வொரு கணக்குக்கும் கட்டாயமாகக் கேட்கிறது நோட்ஸ். பலர் மதிப்பெண் இழக்கும் இடத்தையும் அடிக்கோடிட்டிருக்கிறது: இடையில் ஒரு படி இல்லாவிட்டால் அதன் இடத்தில் 0 எழுத வேண்டும். எக்ஸ்⁴ என்றால் 1, 0, 0, 0, 0. முறையாக வகுத்தால் மீதிகள் 0, 1, 7, 6, கடைசியில் 1. சாதாரண அடுக்கை இறங்கு அடுக்கில் எழுதும்போது வரும் இந்தக் கெழுக்களுக்கு ஸ்டிர்லிங் எண்கள் என்று பெயர்; அவை தாமாக வந்து விழுகின்றன.

கூட்டல் கணக்கும் இங்கேயே இருக்கிறது. எக்ஸ்³ என்பது எக்ஸ்⁽¹⁾ + 3எக்ஸ்⁽²⁾ + எக்ஸ்⁽³⁾. தொகையீடு போலவே படியை ஒன்று கூட்டி, புதிய படியால் வகுத்தால், 0 முதல் 4 வரையுள்ள எண்களின் கன எண்களுடைய கூடுதல்: 5⁽²⁾ஐ 2ஆல் வகுக்க 10; 5⁽³⁾ = 60; 5⁽⁴⁾ஐ 4ஆல் வகுக்க 30. மொத்தம் 100. மேல் எல்லை 4 என்றால் 5ஐத்தான் போட வேண்டும் என்பதைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். போட வேண்டியதுதான், எல்லாரும் வழுக்கும் இடம் அது.

இதே அத்தியாயத்தின் பயிற்சியில் ஒரு பெரிய தவறு இருக்கிறது. அடுத்தடுத்த எக்ஸ் மதிப்புகளின் இடைவெளி 1 இல்லாமல் 2 என்று ஒரு கணக்கு. இடைவெளி 2 என்றால் எக்ஸ்⁽³⁾ என்பது எக்ஸ் × (எக்ஸ்−2) × (எக்ஸ்−4) ஆகிவிடும். வகுக்கும் எண்களும் 0, 2, 4. மேலே உள்ள அதே கோவை அப்போது 3எக்ஸ்⁽³⁾ + 13எக்ஸ்⁽²⁾ + 6எக்ஸ்⁽¹⁾ + 7. இதுவரை நோட்ஸ் சரி. வேறுபாடு எடுக்கும்போது 9எக்ஸ்⁽²⁾ + 26எக்ஸ்⁽¹⁾ + 6 என்று விடை கொடுத்திருக்கிறார்கள். சரியான விடை 18எக்ஸ்⁽²⁾ + 52எக்ஸ்⁽¹⁾ + 12. ஒவ்வொரு உறுப்பிலும் இடைவெளி 2 ஒரு முறை பெருகி வரும், அது விட்டுப்போயிருக்கிறது. எக்ஸ் 0 ஆக இருக்கும்போது கோவை 7, 2 ஆக இருக்கும்போது 19; வித்தியாசம் 12, 6 இல்லை. இடைவெளி மாறும்போது அடுக்குப்போலியின் விதிக்குக் கட்டுப்படும் செயலி டெல்டா இல்லை, டெல்டாவை இடைவெளியால் வகுத்தது. இந்த ஒரு வாக்கியம் நோட்ஸில் இருந்திருந்தால் தவறே வந்திருக்காது.

வேறுபாட்டு அட்டவணையில் எழுத்துப் பிழை பிடிப்பது பற்றிய நான்கு பக்கங்கள் நோட்ஸின் சிறந்த பகுதி. கன எண்கள் 0, 1, 8, 27, 64, 125, 216, 343. இதில் 64ஐ 46 என்று மாற்றி எழுதிவிட்டதாக வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அடுத்தடுத்த எண்களின் வித்தியாசத்தை மூன்று முறை எடுத்தால் வரும் மூன்றாம் வேறுபாடு எல்லா இடத்திலும் 6 ஆக இருக்க வேண்டும். இப்போது 6, −12, 60, −48, 24 என்று வருகிறது. ஒவ்வொன்றிலும் 6ஐக் கழித்தால் 0, −18, 54, −54, 18. இது −18ஐ 1, −3, 3, −1 ஆல் பெருக்கியது. பிழையின் அளவு −18 என்பதும், அந்த −18 முதலில் தலைகாட்டும் வேறுபாட்டை உண்டாக்கிய நான்கு எண்களில் கடைசி எண்தான் பிழையானது என்பதும் தெரிந்துவிடுகிறது. இலக்கம் இடம் மாறினால் பிழை எப்போதும் 9இன் மடங்காக இருக்கும் என்ற குறிப்பும் உண்டு. கணக்குப்பிள்ளை வேலை பார்த்தவர்களுக்கு இது பழைய பாடம், கல்லூரி நோட்ஸில் பார்ப்பது அரிது.

ஏறு அடுக்குக்கு உதாரணம் துறைமுகக் கேட்டில் நிற்கும் கன்டெய்னர் லாரிகள். 4 வரிசை, 3 லாரி. வரிசைக்குள் முன்பின் நிற்பதும் கணக்கில் சேரும். முதல் லாரிக்கு 4 இடம். இரண்டாவது லாரி ஏற்கெனவே நிற்பதற்கு முன்னாலோ பின்னாலோ நிற்கலாம் என்பதால் 5 இடம். மூன்றாவதற்கு 6. பெருக்கினால் 120. இங்கே பின்நோக்கு வேறுபாடு, அதாவது ஒரு மதிப்பிலிருந்து அதற்கு முந்தையதைக் கழிப்பது, செயலியாகிறது. விளக்கத்தில் குறையில்லை, குறியீட்டில்தான் குழப்பம். கோட்டுக் குறியீடு போக, போக்ஹாமர் குறியீட்டையும் (எக்ஸை அடைப்புக்குறிக்குள் போட்டு, படியைக் கீழே சின்னதாக எழுதுவது) முதல் அத்தியாயத்தில் இறங்கு அடுக்குக்கும் மூன்றாம் அத்தியாயத்தில் ஏறு அடுக்குக்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள். இரண்டு வழக்கமும் உலகில் உண்டு: சேர்மானக் கணிதக்காரர்கள் (எத்தனை விதம் என்று எண்ணுபவர்கள்) ஒன்று, சிறப்புச் சார்பு எழுதுபவர்கள் மற்றது. ஒரே நோட்ஸுக்குள் இரண்டும் வரக் கூடாது. 44ஆம் பக்கத்திலிருந்து 52 வரை அந்தக் குறியீடு வரும் இடமெல்லாம் மேலே ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

ஆபெல் பல்லுறுப்புக்கோவைகளை எம்.சி. ரோடு பார்க்கிங்கை வைத்து விளக்கியிருக்கிறார்கள். அந்தத் தெருவில் தீபாவளிக்கு முந்தைய வாரம் வண்டி நிறுத்தியவர்களுக்கு உடனே புரியும். ஒருவழிப் பாதை, வரிசையாக 3 இடம், 3 பைக். ஒவ்வொருவருக்கும் மனத்தில் ஒரு இடம். அது காலியாக இல்லாவிட்டால் அடுத்த காலி இடம். பின்னால் வர முடியாது. 27 விருப்பப் பட்டியல்களில் எத்தனையில் மூன்று பேருக்குமே இடம் கிடைக்கும்? 16. அதாவது 4². இடம் கூடினால் எண்ணிக்கை, (எக்ஸ்+என்) என்பதன் (என்−1) படியை எக்ஸால் பெருக்கிய வடிவில் போகும். என் என்பது பைக் எண்ணிக்கை, எக்ஸ் என்பது மிஞ்சும் இடத்தைவிட ஒன்று கூட. 3 இடம், 2 பைக் என்றால் எக்ஸ் 2; விடை 2 × 4 = 8. இரண்டு பேருமே கடைசி இடத்தைக் கேட்கும் ஒரே பட்டியல்தான் தோற்கும், 9இல் 8 சரிதான். இதுவும் அடுக்குப்போலி, ஈருறுப்பு விதிக்குக் கட்டுப்படும். வடிவத்தைப் பார்த்தால் அடுக்கின் சாயல்கூடத் தெரியாது.

ஐந்தாம் அத்தியாயத்தில் ஸ்டெஃபன்சனின் சூத்திரம் வருகிறது. எந்தச் செயலியைக் கொடுத்தாலும் அதற்குரிய அடுக்குப்போலியைக் கட்டித்தரும் இயந்திரம் அது. வகைக்கெழுச் செயலி டியை நமது செயலியால் வகுத்து, அதை என் படிக்கு (இங்கே என் என்பது வேண்டிய படி எண்) உயர்த்தி, எக்ஸின் (என்−1) படி மேல் செலுத்தி, கடைசியில் எக்ஸால் பெருக்க வேண்டும். டெல்டாவுக்குச் செய்து காட்டியிருக்கிறார்கள்: டி/டெல்டா என்பது 1 − டி/2 + டி²/12 என்று தொடங்கும். அதன் வர்க்கம் 1 − டி என்று தொடங்கும். எக்ஸ் மேல் செலுத்தினால் எக்ஸ் − 1. எக்ஸால் பெருக்கினால் எக்ஸ் × (எக்ஸ்−1). சரியாக எக்ஸ்⁽²⁾.

வரிசைதான் உயிர். எக்ஸால் முதலிலேயே பெருக்கிவிட்டு எக்ஸ்² மேல் செலுத்தினால் எக்ஸ்² − 2எக்ஸ் + 5/6 வரும். எக்ஸுக்கு 0 போட்டால் 0 வராமல் 5/6 நிற்பதே தவறைக் காட்டிக்கொடுக்கும். இந்தச் சோதனையை நோட்ஸ் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் இன்னும் பெரிய விடுபாடு: 58ஆம் பக்கத்து வரையறையில், படி 0ஐத் தவிர மற்ற எல்லாக் கோவைகளும் எக்ஸ் = 0 என்ற இடத்தில் 0 ஆக வேண்டும் என்ற நிபந்தனையையே விட்டுவிட்டார்கள். அது இல்லாவிட்டால் பெர்னூலி கோவைகளும் அடுக்குப்போலி ஆகிவிடும். எக்ஸ்² − எக்ஸ் + 1/6 என்ற கோவையின் வகைக்கெழு 2 × (எக்ஸ் − ½). படி இறங்கும் விதி பொருந்துகிறது. ஆனால் 0 இல் மதிப்பு 1/6, ஈருறுப்பு விதி உடைகிறது. இந்த மாதிரியான தொடர்களுக்கான பெரிய குடும்பம் கணிதவியலாளர் ஷெஃபர் 1939இல் வகுத்தது. அதற்கு நோட்ஸ் ஒதுக்கியது அரைப் பக்கம்தான். 58இன் ஓரத்தில் நிபந்தனையை எழுதிக்கொள்ளுங்கள்: ‘படி 1 முதல், 0 இல் 0.’ செயலியின் தொடரில் மாறிலி உறுப்பு 0 ஆகவும், டியின் கெழு 0 இல்லாமலும் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அப்போதுதான் டியை அதனால் வகுக்க முடியும்.

எக்ஸின் இருபுறமும் சமச்சீராகக் காரணிகளை எடுத்துப் பெருக்கும் மையக் காரணியடுக்குகளை மூன்று பக்கத்தில் கடந்துவிட்டார்கள். படி 3க்கு எக்ஸ் × (எக்ஸ்² − ¼), படி 4க்கு எக்ஸ்² × (எக்ஸ்² − 1); இரண்டும் சரியாகவே அச்சாகியிருக்கின்றன. கணிதவியலாளர்கள் முல்லின், ரோட்டா இருவரும் 1970இல் இந்தத் துறையைச் சேர்மானக் கணிதத்தின் அடித்தளமாக நிறுத்தியது ஒரு பத்தியில் வருகிறது. நுழைவுத் தேர்வுக்காரர்களுக்கு அது போதும், ஆராய்ச்சிப் பக்கம் போகிறவர்களுக்குப் போதாது.

பைண்டிங் பற்றியும் ஒரு வார்த்தை. 71ஆம் பக்கத்து ஸ்டிர்லிங் அட்டவணை தாளின் இடது ஓரம் வரை ஓடுகிறது. ஸ்பைரல் துளை முதல் நிரலைத் தின்றுவிடுகிறது. ஃபைலிலிருந்து பிரிண்ட் எடுக்கச் சொல்லும்போதே, அந்தப் பக்கத்தை 90 சதவீத அளவில் எடுத்து வலப்பக்கம் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். தனியாக ஒரு தாள் கூடுதலாக எடுத்துக்கொள்வதும் நல்லது, வகுத்தல் கணக்குகளுக்கு அந்த அட்டவணையைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளத் தோதாக இருக்கும். பயிற்சிக் கணக்கு மொத்தம் 60. விடை 41க்குத்தான் இருக்கிறது. மீதி 19க்கு விடை எழுதிக் கொண்டுவந்து கொடுத்தால் ஃபைலில் சேர்த்துவிடுவதாகக் கடையில் சொல்கிறார்கள். இங்கே சொன்ன திருத்தங்களையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாயிற்று.